மூலை மேசையிலிருந்து போன பதில்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் நோயாளர்களின் பெயரும் அவர்களுடைய நம்பரும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டி நகரில் ஒரு மருத்துவ நிலையத்தின் கவுண்டரில் இருபது வருடம் இருந்தேன். டொக்டரைச் சனல் பண்ண, அதாவது பார்ப்பதற்கு முன்பதிவு செய்ய, வருகிறவர்களுக்கு நம்பர் கொடுப்பது என் வேலை. டொக்டர் சுணங்கினாலும் ஏச்சு எனக்குத்தான், வராமலே விட்டாலும் ஏச்சு எனக்குத்தான். அந்த இடத்தை மூடியபோது வருத்தத்தை விட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது.

அதற்குப் பிறகு பிலிமத்தலாவையில், ஒரு பித்தளைச் சாமான் கடையின் மேல்மாடியில், மென்பொருள் செய்யும் சின்ன ஒபிஸ் ஒன்றில் சேர்ந்தேன். குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஒபிஸை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண். கலியாணமாகி கண்டிக்கு வந்தவர், என்னை விடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். போன் எடுப்பதற்கென்றுதான் என்னைச் சேர்த்தார். போன் அடித்தால் நான் படும் பாட்டை ஒரு வாரம் பார்த்துவிட்டு, மூலையில் ஒரு மேசையும் ஒரு லெப்டொப்பும் தந்து, செயலிகளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

அப்போது ஒரு மருத்துவ நிலையத்துக்காக, போனிலேயே டொக்டரைச் சனல் பண்ணும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். இன்று எந்த டொக்டர் இருக்கிறார், எனக்கு எத்தனையாம் நம்பர் என்று செயலி கேட்கும். பதில் சொல்ல வேண்டியது அந்த நிலையத்தின் சேர்வர். ஆனால் வேலை முடியும் வரை அவர்கள் அதை எங்களுக்குத் திறந்துவிடவில்லை. ஆகவே என் லெப்டொப்பில் ஒரு பொய்ச் சேர்வரை ஓடவிட்டோம். மிஸ் அதை மொக் சேர்வர் என்பார். காலையில் வந்ததும் ஒரு வரி தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்து, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். செயலி ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அதில் ஒரு வரி கூடும். என்ன பதில் போக வேண்டும் என்பதை ஒரு பைலில் எழுதி வைத்தால், சேர்வர் அதை அப்படியே அனுப்பிவிடும்.

மிஸ் எழுதித் தந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: டொக்டர் இருக்கிறார், உங்கள் நம்பர் ஏழு. எத்தனை தரம் கேட்டாலும் ஏழு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இருபது வருடத்தில் அப்படி ஒரு நல்ல நாளை நான் கண்டதில்லை. மெதுவாக நானும் பதில்கள் சேர்க்கத் தொடங்கினேன். நம்பர் முடிந்துவிட்டது. டொக்டர் இன்று வரமாட்டார். டொக்டர் வார்டுக்குப் போயிருக்கிறார், முக்கால் மணித்தியாலம் சுணங்கும். ஹந்தானையில் இருக்கும் என் தங்கை, சிக்னல் இல்லாமல் ஒரே பொத்தானை நாலு தரம் அழுத்துவாள். அவளை நினைத்து, அரை நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பதில் சொல்லும்படியும் ஒன்று வைத்தேன்.

செயலி ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுந்தது. நாலு தரம் அழுத்தினால் நாலு நம்பர் கொடுத்தது.

"ஏன் அக்கா, என்ர பிள்ளையை இப்பிடிப் போட்டு வதைக்கிறீங்கள்?" என்றார் மிஸ்.

"கவுண்டர்ல இப்படித்தாங்க மிஸ் நடக்கும்."

"ஓம், ஓம். நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." சிரித்துக்கொண்டே திருத்தப் போனார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லலாம். யாரும் ஏசுவதில்லை.

செயலியைக் காட்டும் நாளும் வந்தது. நிலையத்தின் முதலாளி ஹாஜியார் பிற்பகல் மூன்று மணிக்குப் படியேறி வந்தார். அவர் சரி என்றால் அடுத்த வருடம் முழுக்க அவருடைய மற்ற நிலையங்களின் வேலையும் எங்களுக்குத்தான். இல்லாவிட்டால் ஒபிஸைத் தொடர்ந்து நடத்துவது கஷ்டம் என்று மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். உண்மையான சேர்வரை அன்று காலையில்தான் திறந்துவிட்டிருந்தார்கள். மிஸ் அவசரம் அவசரமாக ஹாஜியாரின் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்தார். நான் தேத்தண்ணீர் வைத்துவிட்டு மூலைக்கு வந்து உட்கார்ந்தேன்.

ஹாஜியார் அழுத்தினார். என் கறுப்பு ஜன்னலில் ஒரு வரி கூடியது.

மறுபடி அழுத்தினார். இன்னொரு வரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கே கேட்க வேண்டும் என்ற முகவரியை மிஸ் மாற்ற மறந்திருந்தார். ஹாஜியாரின் போன் ஒபிஸ் வைபையில் என் லெப்டொப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் சோதிக்க வைத்த வார்டு வரி பைலில் அப்படியே இருந்தது.

"மாஷா அல்லாஹ், நல்ல வேகமா ஈக்கிது புள்ள," என்றார் ஹாஜியார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாசித்தார். "டொக்டர் வார்டுக்குப் போயிருக்கிறாராம். இவர் உம்ரா செய்ய மக்காவுக்குப் பெய்த்து மூணு நாளாகுதே?"

மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்கட சென்டர்ல இருந்து வாற பதில்தான் ஹாஜியார். கவுண்டர்ல அவரின்ர லீவைப் பதியேல்ல போல."

"அந்தக் கவுண்டர்ப் புள்ளக்கி எத்தின தரம் சொல்ற? இந்தா, இப்பவே கோல் எடுத்துக் கேக்கிறேன். இனி அது வேலைக்கு வரத் தேவையில்ல. பொறுங்க, இன்னொருக்கா அமத்திப் பாக்கிறேன்."

அந்தப் பிள்ளையை நான் கண்டதில்லை. ஆனால் அவள் எப்படிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, செய்யாத பிழைக்கு ஓம் சேர், சொறி சேர் என்று நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். எழுந்து உண்மையைச் சொன்னால் மிஸ்ஸின் முகம் எப்படிப் போகும், வேலை கைவிட்டுப் போகுமா என்பதெல்லாமும் மனதில் ஓடியது. எழும்பப் பார்த்தேன். குரல் வரவில்லை. கை மட்டும் வந்தது. பைலைத் திறந்து, வார்டு வரியை அழித்துவிட்டு எழுதினேன். சேமித்த அதே கணத்தில் ஜன்னலில் ஒரு வரி கூடியது.

ஹாஜியார் சத்தமாக வாசித்தார். "இந்தப் பதில்களை அனுப்பியது உங்கள் கவுண்டர் பிள்ளை அல்ல. மூலை மேசையில் இருக்கும் நான். மன்னிக்கவும்."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்தான் முதலில் விளங்கிக்கொண்டார். நெற்றியில் கை வைத்தபடி, "ஐயோ ஹாஜியார், என்ர பிழை. முகவரி மாத்தேல்ல. இவ்வளவு நேரமும் அக்காவின்ர லெப்டொப்தான் உங்களோட கதைச்சிருக்கு," என்றார். மறைக்கவில்லை. போனை வாங்கி, தன் கொம்பியூட்டரில் மாட்டி, முகவரியை மாற்றிக் கொடுத்தார்.

ஹாஜியார் அழுத்தினார். இப்போது என் ஜன்னலில் எதுவும் கூடவில்லை. அரை நிமிடம் போனது. அவர் இன்னும் இரண்டு தரம் அழுத்தினார். பிறகு போனில் வந்தது, பதில் வராவிட்டால் காட்டுவதற்கென்று மிஸ்ஸும் நானும் சேர்ந்து செயலிக்குள்ளேயே எழுதி வைத்த வரி: உங்கள் சென்டரிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நம்பர் எதுவும் போடப்படவில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலவும்.

"அப்ப எங்கட சேர்வர்தான் தூங்குது," என்றார் ஹாஜியார். "மூணு தரம் அமத்தினேன், மூணு நம்பர் விழல்ல. முந்தி ஒரு ஆள் செஞ்சி தந்த போன் அப்புல ஒரே மனுசனுக்கு அஞ்சி நம்பர் விழுந்து, கவுண்டர்ல பெரிய சண்டை." தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கவுண்டர்ல வேல செஞ்சிட்டு ஈந்த ஆளா தங்கச்சி?"

தலையாட்டினேன்.

"அதான். இன்டைக்கி நான் சைன் வைக்க மாட்டேன் புள்ள. நாளைக்கி சென்டருக்கு வாங்க. உண்மையான சேர்வர்ல காட்டுங்க. இவங்களையும் கூட்டிட்டு வாங்க, வாய் பேசாட்டியும் பரவாயில்ல."

அவர் படியிறங்கிய பிறகு மிஸ் என் மேசைக்கு வந்தார். "அக்கா, எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாமே?" என்றார்.

"அது ஞாபகம் வரலைங்க மிஸ்," என்றேன். உண்மைதான். இருவரும் சிரித்தோம். மொக் சேர்வரை நிறுத்திவிட்டுக் குண்டசாலை போகப் புறப்பட்டேன். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது.

மறுநாள் பத்து மணிக்கு நிலையத்துக்குப் போனோம். சேர்வர் மூன்றாவது முறையில் பதில் சொன்னது. ஹாஜியார் பதினொரு மணிக்குக் கையெழுத்து வைத்தார். கவுண்டர் பிள்ளை எங்களுக்கு இரண்டு கதிரை கொண்டு வந்து போட்டாள்.