நீலம் பாரித்த ஆட்டுத் தோல்

ரசாயனம் படித்தவனுக்கு அந்தக் காலத்தில் இரண்டே வழி: ஒன்று வாத்தியார் வேலை, மற்றது நாற்றம். முதலாவது கிடைக்காமல் நான் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தேன். உப்பையும் திராவகத்தையும் நம்பி வாழ்க்கையை ஒப்படைத்த சகதுன்பவாசிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

அங்கே தோல் பதனிடும் டானரி ஒன்றின் முதலாளி கபூர் சாகிப், காலங்காலமாக ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பழுப்புத் தோல் செய்து வந்தவர். வாங்குகிறவர்கள் குரோம் உப்பில் பதப்படுத்திய குரோம் தோல் கேட்க ஆரம்பித்ததும் என்னை வேலைக்கு வைத்தார். பட்டைத் தோலைக் கொதிநீரில் போட்டால் சுருண்டுவிடும். குரோம் தோல் அசையாது. ரம்ஜான் முடிவதற்குள் அப்படி ஒரு லாட் தோல் செய்து காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

வெல்லம்

பைக்குரோமேட் உப்பு ஆரஞ்சு நிறம். அப்படியே போட்டால் தோலைப் பதப்படுத்தாது. கந்தகத் திராவகம் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெல்லம் போட்டால் பொங்கிப் பச்சையாக மாறும். அந்தப் பச்சைதான் நமக்கு வேண்டியது. வாணியம்பாடிச் சந்தையில் நல்ல உருண்டை வெல்லமாக வாங்கி வந்தேன்.

வேலையாட்கள் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். மேஸ்திரி யூசுப் பாய் மட்டும் நாலடி தள்ளி நின்றார். கலவை சீறி நுரைத்துக் கரும்பச்சையானதும் சொன்னார்: "வெல்லத்தைத் தின்னுட்டு இவ்ளோ கோவப்படற சரக்கை நான் பார்த்ததில்ல, சார்."

நாக்கு

பட்டைத் தொட்டியின் பதத்தைப் பாய் விரலில் தொட்டு நாக்கில் வைத்துத்தான் சொல்வார். ரம்ஜான் பிறந்ததும் நோன்பு; பகலில் நாக்கில் எதுவும் படக்கூடாது. என்னைக் கூப்பிட்டு, ருசி பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சாற்றின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாயை நான் எடுத்து நீட்ட, அதற்குப் புளிப்பு தெரியுமா என்றார். வேறு வழியில்லாமல் நக்கினேன். வாய் அப்படியே இழுத்துக்கொண்டது. துவர்ப்பு முன்னால் வந்ததா, புளிப்பு முன்னால் வந்ததா என்று அவர் விசாரிப்பதற்குள் நான் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினேன்.

தோலையும் பச்சைக் கரைசலையும் போட்டு உருட்டுகிற என் டிரம்மில் மட்டும் நோன்பு முடிந்தாலும் விரல் வைத்துவிடாதீர்கள், அது விஷம் என்று எச்சரித்தேன். பாய்க்கு அது பிடிக்கவில்லை. "நாக்குல வெச்சுப் பாக்க முடியாததை எப்படி சார் நம்பறது?"

மஞ்சள் விரல்

சோளிங்கரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். நான் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கப் பெண்ணின் தகப்பனார் வந்தார். மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, பைக்குரோமேட் கறையேறி மஞ்சளாகிப் போன என் விரல்களையே பார்த்தார். காமாலை இல்லை என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், பேசி முடிக்கலாம் என்றார். போகும்போது மெதுவாகச் சொன்னார்: "நாத்தம் பழகிடும்னு சொல்றீங்க, சரி. பழகற வரைக்கும் வேலை நிலைக்கணுமே, தம்பி."

நீலம்

சனிக்கிழமை டிரம்மைத் திறந்தோம். தோல் அத்தனையும் வெளிர் நீலம். குரோமின் சுபாவ நிறமே அதுதான். எனக்கு ஒரே குஷி. பாய் முகம் மட்டும் செத்துப் போயிற்று. பழுப்பைத் தவிர வேறு நிறத்தில் தோல் வந்தால் அது அழுகல் என்றே அவர் பார்த்திருக்கிறார்.

அப்புறம் சாயம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நான் மனதைத் தேற்றிக்கொள்வதாக அவர் நினைத்தது எனக்குத் தெரியாது. சோளிங்கருக்குக் கிளம்பும் அவசரம் எனக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க, சார். நான் இருக்கேன்."

கொதிநீர்

வேலை நிரந்தரமானதும் முகூர்த்தம் என்று சோளிங்கரில் பேசி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், ஒரு நீலத் தோலையும் காணோம். எல்லாம் பழுப்பாகக் கொடியில் தொங்குகின்றன. என் வேலை போய்விடக் கூடாதே என்று பாய் லாட் முழுவதையும் ஆவாரம் பட்டைத் தொட்டியில் முக்கி, 'நல்ல நிறத்துக்கு' கொண்டுவந்திருந்தார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அதற்குள் கபூர் சாகிப் வந்துவிட்டார். இது நம் பழைய பட்டைத் தோல்தானே, இதற்கா உங்களை வைத்தேன் என்று கேட்டார். அவரே ஒரு துண்டை வெட்டினார். இரண்டு ஓரமும் பழுப்பு, நடுவே நீலக்கோடு. கொதிநீரில் போட்டார். பக்கத்தில் பழைய பட்டைத் தோல் ஒன்றையும் போட்டார். பழையது அப்பளமாய்ச் சுருண்டது. நம்முடையது இம்மியும் அசையவில்லை. எடுத்து மடித்தார், கசக்கினார், தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குரோமின் உறுதியும் இருந்தது, பட்டை கொடுக்கிற தடிமனும் இருந்தது. யாருடைய யோசனை என்று கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாகிப் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: "உங்க வேலை பர்மனென்ட் சார். ஆனா அடுத்த லாட்டும் எனக்கு இதே மாதிரி வேணும். எப்படிப் பண்றதுன்னு பாயைக் கேட்டுக்குங்க."

ஆக, இந்த வட்டாரத்தில் எனக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரே கண்டுபிடிப்பு, நான் ஊரில் இல்லாத நாளில் நடந்தது.