கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டில் ஓர் எண்

தொண்ணூறுகளின் நடுவில், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில், மூன்று மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். எனக்குப் பால் போதவில்லை. பால் பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கித்தான் பையனுக்குப் புட்டியில் கொடுப்போம். அவனுக்கு உதடும் நகமும் ஊதாவாகிக்கொண்டே வந்தன. உள்ளூர் டாக்டர், பனி ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீரை நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார். மாமியார், அவங்கப்பனும் பிறந்தப்போ கருப்புத்தான் என்றார். ஊதாவுக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாத வீட்டில் வாழ்க்கைப்பட்டோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயமுத்தூரில் காட்டிய டாக்டரம்மாதான் முதலில் கேட்டார், கிணற்றுத் தண்ணீரா என்று. டெஸ்ட் செய்து ரிப்போர்ட்டோடு வரச் சொன்னார். மாமனாருக்கு அது பெரிய மானக்கேடு. வந்தவர்களெல்லாம் செம்பு செம்பாக வாங்கிக் குடித்துவிட்டுப் போகிற தண்ணீரை, நேற்று வந்தவள் சந்தேகப்படுவதா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது ஒருவகையில் நிம்மதிதான். கிணற்றுக்கு இருபதடி தள்ளி மாடு கட்டுகிற இடமும் எருக்குழியும் இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

என் வீட்டுக்காரர் நல்லெண்ணெய் பாட்டிலைக் கழுவி அதில் தண்ணீர் கொண்டுபோனார். கோயமுத்தூர் லேபில் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் பஸ்ஸும் அலைச்சலும் தண்டம். புது கேன் வாங்கி மறுபடி போனார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது.

ஒரே தாள். எங்கள் தண்ணீரின் எண்கள் ஒரு வரிசை. இருக்க வேண்டிய அளவு ஒரு வரிசை. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் போனால் போகிறது என்று விடுகிற அளவு இன்னொரு வரிசை. நைட்ரேட் என்ற இடத்தில் எங்கள் எண் முதல் அளவைத் தாண்டி, இரண்டாவதற்குக் கொஞ்சம் கீழே நின்றது. அடியில், குடிக்கலாம் என்று ஒரு முத்திரை. என் வீட்டுக்காரர் முத்திரையை மட்டும் படித்தார்.

"எல்லை தாண்டலையில்ல, அப்பறம் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்றார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வரச் சொன்னாரே என்றேன். குடிக்கலாம் என்று சீல் போட்டிருக்கிறது, அதைக் காட்ட இன்னொரு நாள் வேலை கெடுவதா என்றார். நான் பிளஸ் டூவில் வேதியியல் படித்தவள். அந்த எண் நல்லதில்லை என்று தெரிந்தது. தெரிந்தது அவ்வளவுதான், மிச்சத்தை என் ஆத்திரம் தீர்மானித்தது. யாரும் கவலைப்படாவிட்டால் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுப்படியைக் கையில் எடுத்தேன். எங்கள் பக்கம் குழந்தைக்கு வெந்நீர் என்றால், ஒரு செம்பு அரைச் செம்பாகச் சுண்ட வேண்டும். நான் அதற்கும் மேலே சுண்ட வைத்தேன். ஒருநாள் மாமியார் கொஞ்சம் முன்னதாக இறக்கிவிட்டார். பிள்ளை உசுரு உங்களுக்கு விளையாட்டா என்று கேட்டுவிட்டு, அதைச் சாக்கடையில் ஊற்றினேன். அப்புறம் அவர் அடுப்பைத் தொடவில்லை.

மூன்று வாரத்தில் பையன் பால் குடிப்பதையே குறைத்துவிட்டான். எப்போது பார்த்தாலும் துவண்டு கிடந்தான். ஒரு காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு, ரிப்போர்ட்டோடு பஸ் ஏறினேன். டாக்டரம்மாவைப் பார்க்கத்தான் கிளம்பினேன். காந்திபுரத்தில் இறங்கியதும் புத்தி கெட்டு, வழியில்தானே லேப், முதலில் அவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவோம் என்று உள்ளே நுழைந்தேன். தப்பும் தவறுமாக ரிப்போர்ட் கொடுத்திருக்கிறீர்கள் என்று மேஜையில் தாளை அடித்தேன். டெஸ்ட் செய்கிறவர் பொறுமையாகக் கேட்டார், தண்ணீரை எப்படிக் கொடுக்கிறேன் என்று. சுண்டக் காய்ச்சுவதைப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் குழந்தையின் உதட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, காய்ச்சினாக் கிருமி சாகுமுங்க. இந்த நைட்ரேட் உப்பு மாதிரிங்க. ரசம் சுண்டினா உப்புக் குறையுதுங்களா?"

பென்சிலால் எங்கள் எண்ணை இரண்டு மடங்காக்கி எழுதினார். அது கடைசி வரிசையின் அளவையும் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அவரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து எங்களை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலம் பையனின் உதடு சிவந்தது. பசித்து அழுதான். அதற்குள் தகவல் போய், வீட்டிலிருந்து எல்லோரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எருவிலிருந்து தண்ணீரில் இறங்குகிற நைட்ரேட்தான் ரத்தத்தைக் கெடுத்து ஊதாவாக்குகிறது, இனி அந்தத் தண்ணீர் கூடவே கூடாது என்று சொன்ன டாக்டரம்மா, இப்படிச் சுண்டச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தது யார் என்று அதட்டினார்.

என் மாமியார் ஓரடி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க. தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க."

மூன்று வாரமாக ஊருக்கே கேட்கும்படி பேசிய நான், அப்போது வாயைத் திறக்கவில்லை.