ஊதக் கூடாத மைக்

எங்கள் வீட்டு அலமாரியில் சாமி படங்களுக்குக் கீழ்த்தட்டு முழுக்க மைக்குகள்தான். எல்லாம் பழசு. கல்யாண வீட்டிலும் கட்சி மேடையிலும் கத்தி ஓய்ந்தவை. ஆனால் வேலை செய்யாத மைக்கை நான் சேர்ப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று வாங்கி வைக்கிற ஆட்கள் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பேசினால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது வெறும் இரும்பு. இரும்பைத்தான் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் முன்னால் நின்று பகலெல்லாம் பார்க்கிறேனே, வீட்டுக்கு வேறு எதற்கு?

வாங்கி வந்த மைக்கைச் சோதிக்கும் வேலை என் மனைவியுடையது. என் குரலை நானே கேட்டால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. அவள் குரல் அத்துப்படி. பழைய ஆம்ப்ளிஃபயரில் மைக்கைச் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்காருவேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வருவாள். ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று என்றெல்லாம் சொல்ல மாட்டாள்.

"அரிசி மூட்ட வைக்க ஊட்ல எடமில்ல. இதுல இன்னொண்ண வாங்கியாந்துகிறாரு பாருங்க" என்று யாரோ எதிரே உட்கார்ந்திருப்பது போல என்னைப் போட்டுக்கொடுப்பாள். அந்தத் திட்டு எப்படிக் காதில் விழுகிறது என்பதை வைத்தே மைக்கின் உடல்நிலையைச் சொல்லிவிடுவேன்.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று. குரலும் பாதி போயிற்று. காற்று கலந்து, கம்மலாக, சன்னமாக வந்தது.

"நரம்பு கொஞ்சம் அசந்திருக்கும்மா. பேசப் பேசத்தான் சரியாகும். பேசாம விட்டா இப்படியே நின்னுடும்" என்று டாக்டர் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்திப்பட்டில் இருக்கும் அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். "நான்தான்கா" என்றாள். "யாருங்க பேசறது? இது என் தங்கச்சி நம்பராச்சே" என்று அக்கா கேட்டுவிட்டார். கூடப் பிறந்தவருக்கே தெரியவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் அதோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

சாப்பிடக் கூப்பிடத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். கடையில் கையால் காட்டுவாள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போனில் எழுதி நீட்டுவாள். கெஞ்சிப் பார்த்தேன். கோபித்தும் பார்த்தேன். நாள் போகப் போக எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே நின்றுவிடுமோ? அவள் பக்கத்தில் இருக்கும்போதே அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ரிப்பன் மைக் என்று ஒரு வகை உண்டு. உள்ளே வெங்காயத் தோலைவிட மெல்லிய தகட்டு நாடா ஒன்று தொங்கும். குரல் பட்டால் அது அசையும். ரொம்பக் கிட்டே வைத்துப் பேசினால் சன்னமான குரலும் அதில் கனத்துக் கேட்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அவள் குரலை அவளுக்கே நன்றாகக் கேட்க வைத்து, அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடலாம் என்று நினைத்தேன். பைத்தியக்கார யோசனைதான். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் பழைய இரும்பு வரும். உருக்க உதவாததெல்லாம் கழிந்து அங்கிருக்கும் காயலாங்கடைகளுக்குப் போகும். அப்படி ஒரு கடைக்காரர் எனக்குப் பழக்கம். "உன் சாமான் ஒண்ணு வந்துகீது நைனா" என்று போன் செய்தார். பெரியபாளையம் வழியாகப் பைக்கை விரட்டினேன்.

நான் தேடிய வகையேதான். "உசுரு கீதா பூட்ச்சான்னு பாத்துடலாம்" என்று அவர் அதைத் தூக்கி, உதட்டைக் குவித்தார். நம் பக்கத்தில் மைக்கைக் கண்டால் எல்லாருக்கும் அதுதான் வரும். இரண்டு தட்டு, ஒரு ஊது, அப்புறம்தான் ஹலோ. மந்திரியும் அப்படித்தான், மொய் வாசிப்பவரும் அப்படித்தான். ரிப்பன் மைக்கில் ஊதினால் நாடா அறுந்துவிடும். பாய்ந்து குறுக்கே கையை வைத்தேன். பீடி வாசனையோடு அவர் ஊதியது என் உள்ளங்கையில் விழுந்தது.

"இன்னா நைனா, கொயந்தய மூடற மாதிரி மூடற" என்று சிரித்தார். பையில் கொண்டுபோயிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகி மெதுவாகப் பேசிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இந்த முறை ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். "ஒரே ஒரு வார்த்த பேசு. ஒனக்கே நல்லா கேக்கும்" என்றேன்.

கடைக்காரரைத் தடுத்த நான் அவளிடம் ஊதாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு மைக்கிலும் ஊதியதில்லை. பேசுகிறவள் எதற்கு ஊத வேண்டும்? இப்போது அவளுக்குப் பேச மனசில்லை. அவ்வளவு தூரம் போய் வந்த என்னை ஏமாற்றவும் மனசில்லை. மைக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைக் குவித்து ஊதினாள்.

ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் ஒரு துள்ளு துள்ளி விழுந்தது. மைக்கை நகத்தால் சுரண்டினேன். முள் அசையவில்லை. கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். நாடா அறுந்து சுருண்டு கிடந்தது. என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியாது.

"போச்சா?" என்றாள்.

காற்றும் கரகரப்புமாக வந்தது. ஆனால் வாயைத் திறந்து கேட்டாள். நான் டார்ச்சைக்கூட அணைக்காமல் நின்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். "ஊதக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்க. வேணும்னு பண்ணல." குரல் நடுவில் அறுந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "இன்னாங்க, எதனா சொல்லுங்க. வேற ஒண்ணு பாக்கலாம். நானும் கூட வரேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மைக்குக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, என் முதுகைத் தடவிக்கொண்டே இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவள் நிறுத்திவிடுவாளே.