இதய ஸ்கேனில் சொன்ன ஆடிட் பதில்கள்

கோயமுத்தூரில் இதயக் குழாய்களை சி.டி. ஸ்கேனில் பார்க்கும் புது மெஷின் வந்திருந்த சமயம். கம்பி விட்டுப் பார்க்க வேண்டியதில்லை, ஊசி மருந்து ஏற்றி, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்தால் போதும் என்றதால்தான் என் கணவர் வரவே சம்மதித்தார். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். நான் அங்கேயே ஆபீஸில் இருந்தேன். இரண்டு மாதமாக மாடிப்படியில் பாதியிலேயே நின்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

துடிப்பு மெதுவாக இருந்தால்தான் படம் தெளிவாக விழும், முந்தின நாளிலிருந்து டீயே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அவரிடம் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்பியபோது நான் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். துடிப்பு தொண்ணூறைத் தாண்டியது. மாத்திரை கொடுத்துக் காத்திருந்தும் பெரிதாக இறங்கவில்லை. எடுத்த படமும் கலங்கிப்போனது.

"முக்கியமான குழாயே சரியா தெரியலீங்க. ஆனா வலி ஏதும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப அவசரமில்ல, ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

"அதானுங்க, ஒண்ணுமில்லீங்க" என்று இவர் எழுந்தேவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். நெஞ்சு வலி, இல்லை. மூச்சு வாங்குதல், இல்லை. சிகரெட், இல்லை. சிகரெட் பாக்கெட் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டு நின்றது. இன்று டீ குடித்தீர்களா, இல்லை.

"டீ குடிக்கலீங்களா?" என்று அவரிடமே கேட்டேன்.

"பல்லடத்துல, நீ பஸ்ஸு கேக்கப் போனப்ப. அர டீதான் புள்ள."

"ஏனுங்க, இதென்ன ஆடிட்டுங்களா?" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட்டுக்கு முதல்நாள், எல்லோரையும் நிறுத்திப் பதில் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். ராத்திரி ஷிப்ட் உண்டா? இல்லீங்க. திட்டுவார்களா? இல்லீங்க. ஏதாவது குறை? இல்லீங்க. "யோசிக்காம, சிரிச்ச மூஞ்சியோட சொல்லோணும்" என்பேன். அதில் இவர்தான் கெட்டிக்காரர். எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறேன்.

அடுத்த வாரம் எடுத்த படத்தில் முன்பக்கக் குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அன்று அப்படியே எழுந்து வந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் ஆத்திரம் வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

அன்று நான் கத்தியதைக் கேட்ட டாக்டர், ஃபாரத்தை என்னிடமிருந்து வாங்கிப் பேனாவைத் திறந்து, முதல் கேள்வியை மறுபடி கேட்டார்.

"நெஞ்சு வலி இருக்குதுங்களா?"

இவர் டாக்டரைப் பார்க்கவில்லை. ஆடிட் அறையில் பதில் சொல்லும் முன் தையல்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே, அப்படி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் "இருக்குதுங்க" என்றார்.