கைக்கு வந்ததும் கலைந்த நிறங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் சுங்கை வேயில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் தரச் சோதகராகச் சேர்ந்த முதல் மாதம் அது. அங்கே பிளாஸ்டிக் லென்ஸ் வில்லைகளை வார்த்தார்கள். ஒளி அதிரும் திசை வில்லைக்குள் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, உள்ளிறுக்கத்தைக் கண்டறிவது என் பணி. இருட்டறை, விளக்கு, இரண்டு வடிகட்டித் தகடுகள், நடுவே திருகுப்பிடியில் ஒரு வில்லை. நல்ல வில்லை கருமையாகவே தெரியும். இறுக்கம் இருந்தால் நிறங்கள் விரியும்.

அன்று மழைப் பிற்பகல். எடுத்த வில்லைகளில் எல்லாம் மயில்கழுத்து நிறமும் பொன்னிறமும் மெல்லப் படர்ந்தன. வேலையை மறந்து, கனவில் அமிழ்ந்தவள்போல் பார்த்திருந்தேன். பின்பு, ஆறுவதற்குள் அச்சிலிருந்து எடுத்ததால் வந்த பழுது என்று அறிக்கை எழுதினேன். அவற்றை வார்த்தவர் பந்திங்கிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வரும் ஓர் அக்கா. அறிக்கை மேலாளரிடம் போனால், பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் ஓட்டிய இயந்திரம் கைவிட்டுப் போகும்.

அதற்குள் செய்தி அவருக்கு எட்டிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னம்மா, என் பேர எழுதிட்டியாமே? நான் டைம் பாத்துத்தான் எடுத்தேன். அப்படி என்னதான் தெரியுது, காட்டு லா."

காட்டினேன்.

"ஐயோ, தீபாவளிச் சேலை மாதிரில்ல இருக்கு! இதுக்கா ரிஜெக்ட்டு?" என்று சிரித்தார். இன்னும் நன்றாகப் பார்க்க எண்ணி, வில்லையைப் பிடியிலிருந்து கழற்றி, விரல்நுனியில் ஏந்தித் தகடுகளுக்கிடையே நீட்டினார்.

வெறும் கருமை.

"எங்கம்மா போச்சு கலரு?"

வில்லை நழுவாதிருக்க, பிடியின் திருகைக் காலையில் முழு வலுவோடு முறுக்கியவள் நான்தான். அதைத் தளர்த்தி, ஒவ்வொரு வில்லையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் நிறமில்லை. நான் அளந்தது என் கை கொடுத்த இறுக்கத்தை.

அறிக்கையைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். இன்னொரு தடவ அத முடுக்கு. அந்தக் கலர நான் இன்னும் சரியாப் பாக்கல."

முறுக்கினேன். இருளில் நிறங்கள் மலர்ந்தன. அவருடைய பேருந்தின் ஒலி கேட்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

இன்றும் ஒருவர்மீது குறை எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், அந்த நிறங்கள் கண்முன் விரிகின்றன. எழுதுவதற்கு முன் ஒருமுறை என் திருகைத் தளர்த்திப் பார்க்கிறேன்.