மச்சானின் வெள்ளைக் காற்சட்டை

மொன்றியலின் நடுவில் நிற்கும் இந்தப் பனிமலை அவிந்துபோன எரிமலை என்கிறார் மச்சான். இல்லை என்பவர்களும் உண்டாம். நான் ரொறன்ரோவிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தவன். மண்டபத்துக்குப் போக நேரம் இருந்ததால், மச்சானைக் காரில் விட்டுவிட்டுத் தனியே ஏறிவிட்டேன். போட்டிருப்பது அவருடைய வெள்ளைக் காற்சட்டை.

ஏறியது சுகம். இறங்கும் பாதை முழுக்கப் பனிக்கட்டி. விழுந்தால் காற்சட்டை பழுதாய்ப் போய்விடும் என்று ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறேன். கடந்துபோகிறவர்கள் பிரெஞ்சில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்கிறார்கள். நானும் மரத்தை விடாமல் "போன்ஜூர்" என்கிறேன். உதவி கேட்க வெட்கம்.

"முருகா" என்று நான் முனகியது கேட்டு, அரிசிச் சாக்கின்மேல் இருந்தபடி சறுக்கி வந்த ஒரு பெண் காலை ஊன்றி நிற்கிறார்.

"மரத்துக்குக் காவலோ, தம்பி?"

"காற்சட்டை மச்சான்ர, அக்கா. கலியாணத்துக்குப் போகவேணும்."

"அப்ப முன்னால இருங்கோ. ஊத்தை படாமல் கீழ கொண்டுபோய் விடுறன்."

சறுக்குகிறோம். நன்றாகத்தான் போகிறது. பாதி வழியில் பனி முடிந்து சேறு தொடங்குகிறது. சாக்கும் அக்காவும் அங்கேயே நின்றுவிட, நான் மட்டும் இருந்தபடியே சேற்றில் சறுக்கிக்கொண்டு போகிறேன்.

அக்கா வந்து என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்க்கிறார். கீழே தெரியும் மர இருக்கையைக் காட்டுகிறார். "போன வருஷம் இந்த நேரம் ஐஸ் அந்த வாங்கு வரைக்கும் இருந்தது. வருஷா வருஷம் குறையுது."

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். "அக்கா, இந்தச் சாக்கை இடுப்பில கட்டிக்கொண்டு போகட்டோ?"

"ஓம், கட்டுங்கோ. அரிசி எண்டு இருக்கிற எழுத்து உள்பக்கம் போகட்டும். கலியாண வீடெல்லோ."