நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு

டிசம்பரில் வந்து மார்ச்சில் திரும்பிப் போகிற மாதிரி பினாங்கில் ஒரு வாடகை வீடு பார்த்துக் கொடு என்று அக்கா போனில் கேட்டபோது, நான் ஜெலுத்தோங் சந்தையில் மீனை வெட்டித் தரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கத்தி விழுகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

“சுத்திப் பாக்கவா?” என்று கேட்டேன்.

“சுத்திப் பாக்க இல்லடி. இந்த மனுஷன் நடக்கணும்” என்றாள்.

அக்கா சின்ன வயதிலேயே நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போனவள். அத்தானை அங்கேதான் சந்தித்தாள். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றார். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், சொந்த வீட்டு வாசலிலேயே, கண்ணுக்குத் தெரியாமல் தரையில் உறைந்திருந்த பனியில் அத்தான் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. நடங்கள், நடந்தால்தான் கால் நிற்கும் என்றார் டாக்டர். ஆனால் அடுத்த குளிர் தொடங்கியதும் அத்தான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். வசந்தம் வரும்வரை வாசல் தாண்டவில்லை. இன்னொரு குளிர்காலத்தை அப்படிக் கழித்தால் பிறகு அந்த நாற்காலியிலிருந்து எழவே மாட்டார் என்று அக்கா பயந்தாள்.

எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நாங்கள் இருப்பது அடுக்குமாடியின் மேல் தளம் ஒன்றில்.

“லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னா மேலயே கிடக்க வேண்டியதுதான். வேண்டாம்லா” என்றாள் அக்கா. எத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் அந்த ‘லா’ அவளை விட்டுப் போகவில்லை.

என் வீட்டுக்காரர், தோட்டத்துப் பக்கம் அமைதியாக ஒரு வீடு பார்க்கலாமே, அத்தானுக்குப் பிறந்த இடமாயிற்றே என்றார். அதற்கு அத்தானே பதில் சொன்னார். “அங்க ஒரு டீ குடிக்கணும்னாலும் மோட்டார் சைக்கிள் வேணும் தம்பி. இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் மோட்டார்ல ஏறவா?”

எனக்குப் பிடித்துப்போன முதல் இடம் கடலோரத்தில் ஒரு உயரமான கட்டடம். எல்லா அறையிலிருந்தும் கடல் தெரிந்தது. கீழே நீச்சல் குளம், வாசலில் காவலாளி. போனில் படம் காட்டியபோது அக்கா அலமாரிகளைத் திறந்து காட்டச் சொன்னாள், அடுப்பைக் காட்டச் சொன்னாள். அவளுக்கும் பிடித்துவிட்டது. அத்தான் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“காலையில டீ குடிக்க எங்க போறது?”

“டாக்சி கூப்பிட்டா உடனே வந்துரும் அத்தான்.”

“டாக்சியில போயி டீ குடிக்கிறதுக்கு, இங்கயே குடிச்சிட்டுப் போறேனே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உறைத்தது. கீழே இறங்கி எதிர்ப்பக்கக் கடைவரிசைக்கு நானே நடந்து பார்த்தேன். அகலமான சாலை. பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் தோன்றி நான் பாதி தூரம் போவதற்குள் சிமிட்டத் தொடங்கிவிட்டான். மீதிப் பாதியை நான் ஓடித்தான் கடந்தேன்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்த காலம் முழுக்கக் கம்பெனி பஸ், மற்ற நேரமெல்லாம் வீட்டுக்காரரின் மோட்டாரில் பின் இருக்கை. நடக்கிறவளாக நான் என் ஊரைப் பார்த்ததே இல்லை.

அடுத்து பழைய நகரமான ஜார்ஜ் டவுனுக்குள்ளேயே தேடினேன். கடையும் வீடும் சேர்ந்த பழைய கடைவீடு ஒன்றின் மாடியை அழகாகப் புதுப்பித்து வைத்திருந்தார்கள். மரத் தரை, உயரமான கூரை, வண்ணக் கண்ணாடி. படிக்கட்டோ ஏணி மாதிரி நின்றது. இறங்கும்போது நானே சுவரைப் பிடித்துக்கொண்டேன். படம்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரரை ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போய், கையில் ஊன்றுகோலுக்குப் பதிலாக ஒரு நீளக் குடையைக் கொடுத்தேன்.

“இன்னைக்கு நீங்கதான் அத்தான். மெதுவா நடங்க.”

“என்னம்மா விளையாட்டு இது?” என்றார். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே அவருக்கே அது விளையாட்டாக இல்லாமல் போனது. கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஓடுகிற நடைபாதையை நாங்கள் காக்கி லீமா என்போம். வெயிலும் மழையும் படாது. ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தியிருப்பார். ஒரு கடைக்கு ஏற வேண்டும், அடுத்ததற்கு இறங்க வேண்டும். நடுவில் மோட்டார் நிற்கும், ஊதுபத்திச் சட்டி இருக்கும், அரிசி மூட்டை இருக்கும். அவற்றைச் சுற்றிப் போக சாலையில் இறங்கினால் ஓரத்தில் லோங்காங், மூடாத சாக்கடை. வீட்டுக்காரர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, “இங்க அண்ணன் விழுவாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது தெருவுக்குள் அவர் குரலில் தனக்கும் வயதாகப் போவதைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது.

லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் இருந்த ஒரு குறுக்குத் தெருவில்தான் அவர் பேசாமல் நடந்தார். வெகு தூரம் பேசாமல் நடந்ததும் இருவரும் நின்று திரும்பிப் பார்த்தோம். நடைபாதை பெரும்பாலும் சமமாக இருந்தது. ஓரிரு இடங்களில்தான் ஏற்ற இறக்கம், அங்கேயும் பிடிக்கத் தூண் இருந்தது. லோங்காங்கின் மேல் பலகைக் கல் போட்டு மூடியிருந்தார்கள். தெருமுனையில் மருந்துக்கடை. அதைத் தாண்டி தோசையும் ரொட்டி சானாயும் போடுகிற சாப்பாட்டுக் கடை. இன்னும் கொஞ்சம் போனால் கோயில், இலவச பஸ் நிற்கிற இடம். நடுவில் ஒரு கடைவீட்டின் கதவில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கியது. படுக்கையறையும் குளியலறையும் கீழ்த்தளத்திலேயே என்று அதில் எழுதியிருந்தது.

வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டில் இருக்கிற சீனப் பெண்மணி. அக்கா வயதுதான் இருக்கும். பிற்பகலில் சாவியோடு வந்தவர், யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வயதானவர்களுக்கு விடுவதில்லை என்று மலாயில் சொன்னார். முன்பு குடியிருந்த பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டாராம். சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் தட்டியும் திறக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறவரை இவர் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தாராம். பெரியவர் பிழைத்துவிட்டார். “ஆனால் அன்றிலிருந்து எது விழுந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சும்மா ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று சொல்லி அக்காவை வீடியோவில் அழைத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அக்கா கம்பளிச் சட்டையோடு திரையில் வந்து, யார், என்ன விஷயம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் ஹொக்கியனில் பேச ஆரம்பித்துவிட்டாள். சின்ன வயதில் எங்கள் தெருவில் சீனப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது. என் ஹொக்கியன் சந்தையில் விலை கேட்கும் அளவுதான். அவள் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரம்மா முதலில் வாயைப் பிளந்தார், பிறகு சிரித்தார். இந்தப் பேச்சை இப்போது பேரப்பிள்ளைகள்கூடப் பேசுவதில்லை என்று என்னிடம் சொன்னார்.

அக்கா சொன்னதில் எனக்குப் புரிந்தது இது: “நான் நர்ஸாக இருந்தவள். கதவைத் தாழ் போட விடமாட்டேன். அவர் விழுந்தால் பார்த்துக்கொள்வது என் வேலை, உங்கள் வேலை இல்லை.”

அவரைக் காட்டு என்றார் வீட்டுக்காரம்மா.

அத்தானுக்கு ஹொக்கியன் அவ்வளவாக வராது. ஆனாலும் என்ன கேட்கிறார் என்று புரிந்திருக்க வேண்டும். ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து, சோபாவின் முதுகைத் தொட்டுக்கொண்டு, அறையின் அந்தக் கோடிவரை நடந்து, திரும்பி வந்து நின்றார். நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிற்கிற இளைஞனைப் போல நேராக நின்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா சாவியை வெளியே எடுத்தார். குளியலறைத் தரையை மாற்றித் தருகிறேன், டிசம்பருக்குள் முடிந்துவிடும் என்றார்.

சொன்னபடியே முடித்தார். அவர்களும் வந்து சேர்ந்தார்கள். நான் நினைத்ததுதான் நடக்கவில்லை. அத்தான் நடக்கவில்லை.

தினமும் காலையில் அக்கா அவர் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். பக்கத்துக் கடைவரை போவார்கள். முதல் இறக்கத்தில் அவர் நின்றுவிடுவார். ஒரு மோட்டார் உரசுகிற மாதிரி போகும். “நாளைக்குப் பாக்கலாம்” என்று திரும்பிவிடுவார். பிறகு வாசலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். இங்கிலாந்து ஜன்னலுக்குப் பதில் பினாங்கு வாசல், அவ்வளவுதான் வித்தியாசம். டீயை நான்தான் போய்ப் பொட்டலம் கட்டி வாங்கி வருவேன். அத்தனை தெரு சுற்றித் தேடியதெல்லாம் வீண்தானா என்று எனக்கு அழுகையாக வந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு நாங்கள் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் உட்காரும்போது அத்தான் போன் செய்தார். அவர் தானாக எனக்குப் போன் செய்வதே இல்லை.

“அக்காவுக்குக் காய்ச்சல்மா. வாந்தியும் எடுத்துட்டா.”

“இப்பவே கிளம்புறோம் அத்தான். நீங்க அவ பக்கத்துலயே இருங்க.”

“அவசரப்படாம வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாலத்தில் நெரிசல். வண்டிகள் நகரவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அக்கா நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து, “அவரு எங்க?” என்றாள். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. குளியலறையிலும் இல்லை.

நான் தெருவுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் பின்னால் வந்தார்.

காக்கி லீமாவில், தெருமுனைப் பக்கமிருந்து அத்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். அதே மணிக்கட்டில் இரண்டு பிளாஸ்டிக் பைகள் தொங்கின. இன்னொரு கையால் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு வந்தார். அந்த இறக்கம் வந்ததும் நின்றார். ஊன்றுகோலைக் கீழே வைத்தார், ஒரு காலை வைத்தார், கொஞ்சம் பொறுத்து அடுத்த காலை வைத்தார். நான் ஓடிப் பிடிக்கப் போனேன். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“விடும்மா. வரட்டும்.”

நாங்கள் நின்றோம். அவர் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

“கஞ்சி வாங்கினேன், ஆறிடும். வழி விடுங்க” என்றார்.

அக்கா கஞ்சியைப் பாதி குடித்தாள். மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் யாரோடு போனீர்கள் என்று கேட்டாள்.

“யாரோட போறது? ஒரு இடத்துல மோட்டார் வழிய மறிச்சு நின்னுச்சு. அந்தத் தம்பிய மலாய்ல கேட்டேன், நகத்திக் குடுத்தான். மலாய் மறந்தே போச்சுன்னு நெனச்சேன்.”

“தனியா போக உங்களுக்குப் பயமா இல்லையா?”

அத்தான் பிளாஸ்டிக் பையை மடித்தார்.

“நீ கையப் பிடிச்சிருக்கும்போதுதான் பயம். நான் சறுக்கினா உன்னையும் சேத்து இழுத்துக்கிட்டு விழுவேன். உனக்கும் எலும்பு இரும்பு இல்ல. தனியா போனா நான் மட்டும்தானே.”

“இத முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“கைய எடுன்னு உன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று நான் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

அவள் தேறிய பிறகு அந்த வீட்டின் நாட்கள் மாறிப்போயின. காலையில் அத்தான் மட்டும் கிளம்பிச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். அங்கே அவருக்கென்று ஒரு மேசை, அவரோடு அரசியல் பேச இரண்டு பேர். அக்கா கோயிலுக்குப் போவாள், வரும் வழியில் பூவும் கீரையும் வாங்குவாள். முதல் சில நாட்கள் தூணுக்குப் பின்னால் நின்று அவர் போவதை எட்டிப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். மாலையில் இருவரும் சேர்ந்து பஸ் நிறுத்தம்வரை நடந்து, கடற்கரைத் திடலுக்குப் போய்க் காற்று வாங்கி வருவார்கள், பக்கத்தில் பக்கத்தில், கை கோக்காமல்.

தைப்பூசத்தன்று வெள்ளி ரதம் போகிற பாதையில் அத்தானும் கூட்டத்தோடு ஒரு தெரு தூரம் நடந்தார். களைத்ததும் வீட்டுக்காரம்மா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். பக்கத்தில் தானும் ஒன்று போட்டுக்கொண்டு, ரதம் போவதை அவரோடு உட்கார்ந்து பார்த்தார். இருவருக்கும் பேசப் பொதுவாகக் கொஞ்சம் மலாய்தான். ஆனாலும் வெகு நேரம் பேசினார்கள். மார்ச்சில் அவர்கள் கிளம்பும்போது, அடுத்த டிசம்பருக்கு வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுக்காரம்மாவே சொன்னார்.

அவர்கள் போன பிறகு எனக்குள் ஒரு சின்னக் கவலை இருந்தது. அங்கே இன்னும் குளிர் விட்டிருக்காது. திரும்பவும் அந்த ஜன்னலுக்கே போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

மார்ச் முடிவதற்குள் ஒரு நாள் அத்தானே வீடியோவில் அழைத்தார். காது மூடிய தொப்பி, தடித்த கோட்டு. பின்னால் சாம்பல் நிற வானமும் ஒரு பஸ் நிறுத்தக் கூரையும் தெரிந்தன.

“எங்க அத்தான் நிக்கிறீங்க, இந்தக் குளிர்ல?”

“லைப்ரரிக்குப் போறேன். உங்க அக்கா வீட்ல இருக்கா, அவளுக்குத் தெரியும்.”

“ரோடு வழுக்கலையா?”

“பனி உருக உப்புப் போட்டிருக்காங்க. பாத்துத்தான் நடக்கிறேன்.” அவர் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார். “பஸ் வருதும்மா, வைக்கிறேன்.”